போல்ட் தலையில் இருக்கும் எண்ணும் உடம்பில் இருக்கும் மரையும்: மெட்ரிக் போல்ட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூரின் துவாஸில் எங்கள் பட்டறைக்குப் புதிதாக வந்திருந்த தம்பியை, கன்வேயர் தாங்கிக்கு போல்ட் வாங்கிவர ஜாலான் புசார் பக்கம் அனுப்பியிருந்தார்கள். கையில் கொடுத்த சீட்டில் "19 எம்எம் போல்ட், 20" என்று மட்டும் இருந்தது. எழுதியவர் ஸ்பானர் அளவை மனதில் வைத்து எழுதியிருந்தார். 19 என்ற அளவில் போல்ட் வழக்கத்தில் இல்லாததால், கடைக்காரர் அதற்கு அடுத்த எம்20-ஐ எடுத்துக் கொடுத்துவிட்டார். தீவின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு பக்கம் போய் வந்ததில் பாதி நாள் போயிற்று. வேண்டியது எம்12. "அண்ணே, 19 ஸ்பானர்தானே போடுறோம், அப்புறம் எப்படி 12?" என்று அந்தத் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஒரு வெர்னியர் காலிப்பரையும் பழைய போல்ட் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும்.

முதல் படி: தலையை விட்டுவிட்டு உடம்பை அளக்க வேண்டும்

"13 போல்ட்", "17 போல்ட்", "19 போல்ட்" என்று பட்டறையில் சொல்வது பழக்கம். அதெல்லாம் ஸ்பானர் அளவு, அதாவது தலையின் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே உள்ள அகலம். போல்ட்டின் அளவு அது இல்லை. எம்12 என்றால், மரை போட்ட தண்டின் வெளிவிட்டம் 12 மி.மீ. அவ்வளவுதான்.

காலிப்பரை மரையின் முகடுகள் மேல் வைத்துப் பிடியுங்கள். எம்12 போல்ட்டில் சரியாக 12.00 காட்டாது; 11.7-க்கும் 11.97-க்கும் நடுவில் ஏதாவது காட்டும். நட்டு சுலபமாக ஏறுவதற்காக மரையைக் கொஞ்சம் குறைத்தே போடுவார்கள். அதைப் பார்த்து "தேய்ந்துபோன போல்ட்" என்று தூக்கிப்போட வேண்டாம். எம்10-க்கும் அப்படித்தான், 9.73-லிருந்து 9.97 வரை வரும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இரண்டாம் படி: பிட்ச்

ஒரு மரை முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம்தான் பிட்ச். போல்ட்டை ஒரு முழுச் சுற்று திருப்பினால் அந்த அளவுதான் உள்ளே போகும். ஒவ்வோர் அளவுக்கும் வழக்கமான ஒரு பெரிய பிட்ச் உண்டு: எம்6-க்கு 1, எம்8-க்கு 1.25, எம்10-க்கு 1.5, எம்12-க்கு 1.75, எம்16-க்கு 2, எம்20-க்கு 2.5, எம்24-க்கு 3. வெறுமனே "எம்12×60" என்று எழுதியிருந்தால் இந்தப் பெரிய பிட்ச் என்றே அர்த்தம். நுண்மரை, அதாவது அதைவிடச் சிறிய பிட்ச், என்றால் அதைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். எம்12×1.25×60 என்றால் விட்டம் 12, பிட்ச் 1.25, நீளம் 60. வண்டிகளிலும் ஹைட்ராலிக் பாகங்களிலும் எம்10×1.25, எம்12×1.5 போன்ற நுண்மரைகள் நிறைய வரும். எம்12 நட்டு எம்12 போல்ட்டில் ஏறவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிட்ச் கேஜ் இருந்தால் அதன் பல்லை மரையில் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடைவெளி தெரியாமல் உட்கார வேண்டும். கேஜ் இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. போல்ட்டை ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தி உருட்டாமல் எடுத்தால் மரைத் தடம் பதியும். பத்து இடைவெளிகளை எண்ணி மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுங்கள். எம்10 என்றால் பத்து இடைவெளிக்கு 15 மி.மீ., எம்12 என்றால் 17.5. ஒரே ஒரு மரையை அளந்து முடிவெடுத்தால் தவறு வரும். பத்தை அளந்தால் அநேகமாக வராது.

நூலும் ஹுன்னும்: இங்கேதான் ஆள் விழுகிறோம்

சிங்கப்பூர் 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறியது. ஆனால் பழைய அங்குலக் கணக்கு தொழிலை விட்டு முழுதாகப் போகவில்லை. தமிழ்நாட்டில் நம் கொத்தனாரும் ஆசாரியும் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். நாலு நூல் அரை அங்குலம். ஹொக்கியன் என்ற சீன மொழி பேசும் இங்குள்ள பழைய ஆட்களும் அதே எட்டில் ஒரு பங்கை ஹுன் என்பார்கள், நாலு ஹுன் அரை அங்குலம். இரண்டு ஊர்க் கணக்கும் இப்படி ஒன்றாகப் பொருந்துவதைக் கவனித்தபோது எனக்கு அத்தனை மகிழ்ச்சியாக இருந்தது. வேலையில் அந்த மகிழ்ச்சிக்கு ஓர் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது.

கட்டுமானக் கம்பிக்கு நாம் வாய்க்கணக்காக மூன்று நூல் என்றால் 10, நாலு நூல் என்றால் 12, ஐந்து நூல் என்றால் 16, ஆறு நூல் என்றால் 20 என்று மாற்றிக்கொள்வோம். கம்பியைப் பற்றிப் பேசிக்கொள்ள அது போதும். மரைக்கு அது ஒத்துவரவே வராது. மூன்று நூல் என்பது 9.525 மி.மீ., நாலு நூல் 12.7, ஐந்து நூல் 15.875, ஆறு நூல் 19.05. பிட்ச்சும் வேறு. அமெரிக்க அங்குல மரையில் மூன்று நூல் போல்ட்டுக்கு ஓர் அங்குலத்தில் 16 மரைகள், அதாவது பிட்ச் 1.5875. எம்10-இன் பிட்ச் 1.5. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

அதனால் என்ன ஆகும் தெரியுமா? மூன்று நூல் தண்டில் எம்10 நட்டு அழகாக ஏறிவிடும். விரலாலேயே ஏற்றலாம். ஏசி டக்ட், தீயணைப்புக் குழாய், கேபிள் ட்ரே எல்லாம் கூரையிலிருந்து தொங்குவது இந்த அளவு மரைத்தண்டுகளில்தான். நான் வேலை செய்த ஒரு தளத்தில் தண்டு ஒரு பெட்டியிலிருந்தும் நட்டு வேறொரு பெட்டியிலிருந்தும் வந்தன. தண்டு மூன்று நூல், நட்டு எம்10. எல்லா நட்டும் சுகமாக ஏறின, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசி இறுக்கம் கொடுக்கும்போது ஒரு நட்டு திடீரென்று இளகி, மரையைச் சீவிக்கொண்டு சும்மா சுற்றியது. மரைகள் முழுதாகக் கவ்வாமல் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. குழாயில் தண்ணீர் நிரப்புவதற்கு முன்பே தெரிந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று ஏறியிருந்த நட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி மாற்றினோம்.

அதிலிருந்து நான் விடாமல் செய்யும் சோதனை இது. நட்டைத் தண்டில் மூன்று நான்கு சுற்று ஏற்றிவிட்டு, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சரியான ஜோடியில் மிகச் சிறிய அசைவுதான் இருக்கும். லொடலொடவென்று ஆடினால் நிறுத்துங்கள். பிறகு காலிப்பர் வையுங்கள். எம்10 என்றால் 9.73-க்குக் கீழே போகாது. மூன்று நூல் என்றால் 9.5-க்கு மேலே வராது. நடுவில் ஒரு தெளிவான இடைவெளி இருப்பது நமக்கு நல்லது. காங்கிரீட்டில் அடித்து இறக்கும் ஆங்கருக்குள் தண்டு போகும் இடத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தப்பான ஜோடி அங்கே கண்ணுக்கே தெரியாது. ஆங்கரும் எம்10-இலும் கிடைக்கும், மூன்று நூலிலும் கிடைக்கும்.

மற்ற ஜோடிகள் அவ்வளவு ஏமாற்றுவதில்லை. எம்8-ம் இரண்டரை நூலும் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகி நிற்கும். அந்த இடத்தில் ஸ்பானரைப் போட்டு மிதிப்பவர்கள்தான் மரையைக் கெடுக்கிறார்கள். நாலு நூல் போல்ட்டில் எம்12 நட்டு ஏறவே ஏறாது. ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: சுத்தமான மரையில் நட்டு கடைசி வரை விரலாலேயே ஓட வேண்டும். நைலான் வைத்த லாக் நட்டு மட்டும் இதற்கு விலக்கு.

மூன்றாம் படி: நீளம்

அறுகோணத் தலை, ஆலன் தலை இரண்டிலும் தலைக்கு அடியிலிருந்து நுனி வரை நீளம். தலையைச் சேர்க்கக் கூடாது. தகட்டுக்குள் அமிழ்ந்து உட்காரும் சரிவுத் தலை போல்ட்டுக்கு மட்டும் தலையையும் சேர்த்து அளக்க வேண்டும்.

புதிதாக நீளம் தீர்மானிப்பது எப்படி? 10 மி.மீ. தகடும் 12 மி.மீ. தகடும் எம்12-ஆல் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தகடுகள் 22. இரண்டு பக்கமும் 2.5 மி.மீ. வாஷர், ஆக 5. நட்டு ஏறக்குறைய 11. நட்டுக்கு வெளியே இரண்டு மரை தெரிய 3.5. கூட்டினால் 41.5. கடையில் 40-க்கு அடுத்தது 45, ஆகவே எம்12×45. நட்டுக்குள்ளேயே மரை முடிந்துபோனால் அந்த போல்ட் நீளம் போதாது என்று அர்த்தம். "இறுகித்தானே இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள்.

முழு மரையா, பாதி மரையா என்பதையும் சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் ஜெர்மன் தரநிலையான டின் 933 என்றால் முழு மரை, டின் 931 என்றால் பாதி மரை என்று எடுத்துக்கொள்வார்கள். அவற்றுக்கு இணையான சர்வதேசத் தரநிலை (ஐஎஸ்ஓ) எண்கள் 4017, 4014. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் இடத்தில், சேருமிடத்தில் மரையில்லாத வழவழப்பான தண்டு இருப்பது நல்லது. மரை வெட்டிய இடத்தில் தண்டு மெலிந்துதான் இருக்கும்.

நான்காம் படி: தலையில் இருக்கும் எண்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டு எண்களுக்குள் எவ்வளவோ சொல்லிவிடுகிறார்கள்.

8.8 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 8-ஐ நூறால் பெருக்கினால் 800. அது அந்த எஃகின் இழுவிசை வலிமை, மெகாபாஸ்கல் அளவில். இழுத்து அறுக்கத் தேவையான அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். புள்ளிக்குப் பின்னால் வரும் 8, அதில் பத்தில் எத்தனை பங்கு வரை இழுத்தால் போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பி வரும் என்று சொல்கிறது. 800-இல் 80 சதவீதம், அதாவது 640. அதற்கு மேல் இழுத்தால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும். அறுந்திருக்காது, ஆனால் பிடி போய்விட்டிருக்கும். அதே கணக்கில் 10.9 என்றால் 1000, 900. 12.9 என்றால் 1200, 1080. 4.6 என்றால் 400, 240. ஐஎஸ்ஓ 898-1 என்ற தரநிலை இதை வகுத்திருக்கிறது. அதன்படி எம்5-உம் அதற்கு மேலும் உள்ள அறுகோணத் தலை போல்ட்டில் இந்த எண்ணோடு தயாரிப்பாளர் அடையாளமும் இருக்க வேண்டும்.

எம்12-இல் மரையின் குறுக்குப் பரப்பு 84.3 சதுர மி.மீ. 4.6 போல்ட் ஏறக்குறைய இரண்டு டன் இழுவிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும். 8.8 போல்ட் ஐந்தரை டன் வரை தாங்கும். இவ்வளவு சுமையைத் தொங்கவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை, வேலைச் சுமை இதைவிட மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், ஒரே பளபளப்பு, ஒரே விட்டம் உள்ள இரண்டு போல்ட்டுக்கு இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது. தலையைத் திருப்பிப் பார்ப்பது ஒரு நொடி வேலை. அதைச் செய்யுங்கள்.

தலையில் எண்ணே இல்லையென்றால்? அதை மிகக் குறைந்த தரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி, மூடி, பெயர்ப்பலகை இவற்றுக்குப் போதும். தூக்கும் சாதனத்துக்கோ தாங்கிக்கோ கூடாது. எண்ணுக்குப் பதில் தலையில் கோடுகள் மட்டும் இருந்தால் அது மெட்ரிக் இல்லை, அமெரிக்க அங்குல போல்ட். மூன்று கோடு என்றால் கிரேடு 5, ஏறக்குறைய 8.8 மாதிரி. ஆறு கோடு என்றால் கிரேடு 8, ஏறக்குறைய 10.9 மாதிரி. 08.8 என்று முன்னால் சுழியம் இருந்தால், எஃகு 8.8 தரம்தான், ஆனால் தலை மெல்லியது என்பது போன்ற ஏதோ காரணத்தால் முழுச் சுமை ஏற்றக் கூடாது. இடப்பக்கம் நோக்கிய அம்புக்குறி இருந்தால் இடது மரை, வழக்கத்துக்கு எதிராகத் திருப்ப வேண்டும். கிரைண்டரின் ஒரு பக்கத்தில் இது வரும்.

ஸ்டட்டுக்குத் தலை கிடையாது, அதன் நுனியைப் பாருங்கள். எண் அடிக்க இடமில்லாத போது வட்டம் போட்டிருந்தால் 8.8, சதுரம் 10.9, முக்கோணம் 12.9. நுனியில் மஞ்சள் வண்ணம் பூசிய மரைத்தண்டு 8.8.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 8.8-உம் அதற்கு மேலும் உள்ளவை சூடேற்றிக் குளிரவைத்துப் பதப்படுத்திய எஃகு. கேஸ் டார்ச்சால் சூடாக்கி வளைத்தாலோ தலையில் வெல்டிங் வைத்தாலோ அந்தப் பதம் போய்விடும். தலையில் 8.8 என்றுதான் இன்னமும் எழுதியிருக்கும், ஆனால் அந்த வலிமை உள்ளே இருக்காது. கப்பல் பட்டறைகளில் அவசரத்துக்கு இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள், செய்பவரையும் தடுத்து நிறுத்துங்கள்.

பெரிய எண் எப்போதும் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். 12.9 மிகக் கடினமானது, அதனாலேயே வளையாமல் சட்டென்று உடையும் தன்மையும் கூடியது. மின்முலாம் பூசும்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன் அதைச் சில நாள் கழித்துச் சொல்லாமல் உடைத்துவிடக்கூடும். 8.8 கேட்ட இடத்தில் 8.8 போடுவதே சரி.

நட்டு, வாஷர்

நட்டில் ஒரே ஓர் எண் இருக்கும்: 8, 10, 12. போல்ட்டின் முதல் எண்ணும் நட்டின் எண்ணும் பொருந்த வேண்டும். 8.8 போல்ட்டுக்கு 8 நட்டு, 10.9-க்கு 10. நட்டு ஒரு படி மேலே இருக்கலாம், கீழே இருக்கக் கூடாது. சில நட்டுகளில் எண்ணுக்குப் பதில் ஒரு புள்ளியும் ஒரு கோடும் இருக்கும். புள்ளியைக் கடிகாரத்தின் 12 மணியாக வைத்துப் பார்த்தால், கோடு 8 மணி இடத்தில் இருந்தால் 8, 10 மணி இடத்தில் இருந்தால் 10. 04, 05 என்றிருப்பவை மெல்லிய நட்டுகள், முழுச் சுமைக்கு ஆகாதவை. சூட்டு முலாம் பூசிய, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த, போல்ட்டுக்கான நட்டின் மரையைக் கொஞ்சம் அகலமாக வெட்டியிருப்பார்கள், அதை முலாம் பூசாத கறுப்பு போல்ட்டில் போட்டால் பிடி குறையும்.

துருப்பிடிக்காத எஃகு

கடல் காற்றும் மழையும் உள்ள ஊர் இது, அதனால் எல்லோரும் ஸ்டெயின்லெஸ் கேட்கிறார்கள். அதன் குறி வேறு: ஏ2-70, ஏ4-80. ஏ2 என்பது 304 வகை, ஏ4 என்பது 316 வகை. 70 என்றால் 700 மெகாபாஸ்கல், 80 என்றால் 800. கடலோரம், கப்பல் மேல்தளம், நீச்சல்குளம் பக்கம் என்றால் ஏ4 கேளுங்கள். ஆனால் ஏ2-70 நீளத் தொடங்குவது 450-இலேயே, 8.8-க்கோ 640. துருப்பிடிக்காது என்பதற்காக 8.8 இருந்த இடத்தில் ஏ2-70 போடுவது தரத்தைக் குறைப்பதுதான். ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் இறுக்கும்போது ஒன்றையொன்று கவ்வி அப்படியே ஒட்டிக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். இப்படி ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிசீஸ் பசையைத் தடவி, வேகமான இம்பாக்ட் கன் இல்லாமல், நிதானமாகக் கையால் இறுக்குங்கள்.

ஸ்பானரும் துளையும்

தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. எம்6-க்கு 10, எம்8-க்கு 13, எம்16-க்கு 24, எம்20-க்கு 30, எம்24-க்கு 36 ஸ்பானர். எம்10-லும் எம்12-லும்தான் குழப்பம்: பழைய டின் அளவில் 17, 19, ஐஎஸ்ஓ அளவில் 16, 18. ஒரே எம்12-க்கு இரண்டு ஸ்பானர் உண்டு. ஜப்பானிய வண்டி என்றால் எம்8-க்கே 12, எம்10-க்கு 14 வரும். அதனால்தான் ஸ்பானரை வைத்து போல்ட்டைக் கணிக்கக் கூடாது. ஆலன் கீ அளவுகள்: எம்6-க்கு 5, எம்8-க்கு 6, எம்10-க்கு 8, எம்12-க்கு 10.

டேப் போட, அதாவது துளைக்குள் மரை வெட்ட, டிரில் அளவு வேண்டுமென்றால் விட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழியுங்கள். எம்10: 10-இலிருந்து 1.5 போனால் 8.5. எம்12-க்கு 10.2, எம்8-க்கு 6.8 எடுத்துக்கொள்ளலாம். போல்ட் சும்மா நுழையும் துளைக்கு எம்10-க்கு 11, எம்12-க்கு 13.5, எம்16-க்கு 17.5, எம்20-க்கு 22.

இறுக்கம் (டார்க்) எவ்வளவு என்பது இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். எண்ணெய் தடவாத 8.8-க்குப் பொதுவாக எம்8 சுமார் 25 நியூட்டன் மீட்டர், எம்10 சுமார் 50, எம்12 சுமார் 85. மரையில் எண்ணெய் இருந்தால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும், ஆகவே டார்க் அளவைக் குறைக்க வேண்டும். கட்டட எஃகு இணைப்புகளில் டார்க்கும் தரமும் பொறியாளர் வரைபடத்தில் வருவது, அங்கே நாம் நம் கணக்கைப் போடக் கூடாது.

கடைக்குச் சீட்டு எழுதுவது

வகை, விட்டம், நுண்மரையானால் பிட்ச், நீளம், முழு மரையா பாதி மரையா, தரம், பூச்சு, நட்டு வாஷர் தரம், எண்ணிக்கை. கூடவே பழைய போல்ட் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். கடைக்காரரின் காலிப்பரில் அவர் முன்னாலேயே அளந்து பார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு போல்ட்டின் தலையைத் திருப்பி எண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு நட்டை விரலால் ஓட்டிவிடுங்கள்.

அடுத்த வாரம் அந்தத் தம்பி தானாகவே எழுதிக் கொண்டுவந்து என்னிடம் காட்டிய சீட்டு இது: "அறுகோணத் தலை, எம்12×45, முழு மரை, 8.8, சூட்டு முலாம் - 20. அதற்கேற்ற நட்டு, தரம் 8 - 20. வாஷர் எம்12 - 40." அதில் திருத்த எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.